சத்தம் நின்ற சக்கரம்

போன மாதம் என் மருமகன் தன் காரை ஓசூரில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் விடப் போனபோது நானும் கூடப் போனேன். நான் பழைய மெக்கானிக் என்று தெரிந்ததும் அங்கிருந்த பையன்கள் ஒரு பெஞ்சில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். பின் சக்கரத்தில் பேரிங் சத்தம் என்று வந்திருந்த ஒரு வண்டியை மேலே தூக்கினார்கள். போல்ட்டைக் கழற்றி, சக்கரக் குடமான ஹப்போடு சேர்ந்த பேரிங்கை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டினார்கள். நான் டீயை ஆற்றிக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஒரு பையன் என்னிடம், "வேலையில எப்பனா பயந்துருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டான். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டான். அதற்குப் பதிலை வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம் உள்ளவன். நாய்க்குப் பயம், கிணற்றுக்குப் பயம், சத்தம் போட்டுப் பேசும் ஆட்களுக்கு ரொம்பவே பயம். எலத்தகிரியில் எங்கள் தெருவில் என்னைச் 'சூசை' என்று கூப்பிட்டவர்களைவிடப் 'பயந்தாங்கொள்ளி' என்று கூப்பிட்டவர்கள் அதிகம். மெக்கானிக் வேலைக்கு இந்தச் சுபாவம் நல்லது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆனால் அதுவே ஒரு நாள் ஒரு மனிதரின் உயிரைக் காவு கொடுக்கப் பார்த்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. சேலத்திலிருந்து தர்மபுரி மாவட்டம் பிரிந்த புதிது. ஓசூரில் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற தொழிற்பேட்டை எல்லாம் பின்னால் வந்தவை. பெங்களூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்ட ஒரு பட்டறை, அதில் நாங்கள் நான்கைந்து பேர். கிருஷ்ணகிரியில் லாரிப் பட்டறையில் கிரீஸ் துடைத்துத் தொழில் பழகிவிட்டு அங்கே சேர்ந்தேன். பழகிய கதையெல்லாம் எல்லா மெக்கானிக்குக்கும் ஒன்றுதான். அடி, திட்டு, ஸ்பேனர், அவ்வளவுதான்.

போர்மேன் பெயர் லிங்கப்பா. மைசூர் ஸ்டேட் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிக்காரர், தினமும் பஸ்ஸில் வருவார். நாற்பது வயதுகூட இருக்காது. எங்களோடு தமிழ் பேசுவார். கோபம் வந்தால் கன்னடம். ரொம்பக் கோபம் வந்தால் பேச்சே கிடையாது. அவரும் என்னைப் போலத்தான், எதற்கும் பயப்படுவார். சாயங்காலம் வெளியே போன வண்டியை நினைத்துக்கொண்டு, மறுநாள் வந்ததும், "அந்த நட்டை மறுபடி முறுக்கினியா?" என்று கேட்பார். மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

சக்கர சத்தம் என்று ஒரு வண்டி வந்தால் அவர் ஸ்பேனரைத் தொடவே மாட்டார். வண்டியை வேறொருவர் ஓட்ட, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அத்திப்பள்ளி வரைக்கும் போய்த் திரும்புவோம். ரோடு இடது பக்கம் வளைகிற இடத்தில் சத்தம் கூடினால் வலது சக்கரம், வலது பக்கம் வளையும்போது கூடினால் இடது சக்கரம். பாரம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து பேரிங்தான் அழும். காதை நம்பினால் மோசம் போவோம், ஏனென்றால் பின் அச்சு ஓடும் இரும்புக் குழாய் சத்தத்தை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குக் கடத்திவிடும். பிறகு பட்டறைக்கு வந்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஒரு கையால் சுற்றிவிட்டு, மறு கையை ஸ்பிரிங் பட்டையின் மேல் வைப்பார். கெட்டுப்போன பேரிங் என்றால் உள்ளங்கையில் ஒரு நமைச்சல் தெரியும். அது தெரிந்த பிறகுதான், 'பார்' என்பதற்குக் கன்னடத்தில், "நோடு, இதுதான்" என்பார்.

அப்போது ஓடிய ஒரு ஜாதிக் கார்களின் பின் சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் பயம் உங்களுக்குப் புரியாது. மாட்டு வண்டியில் சக்கரம் கழன்று போகாமல் வெளியே கடையாணி நிற்கிறது. இந்தக் கார்களில் சக்கரத்தை அச்சின் தட்டையான முகத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள், அச்சு வந்தால் சக்கரமும் கூடவே வந்துவிடும். அச்சில் பேரிங்கை இறுக்கி, அதற்கு உள்பக்கமாக ஒரு இரும்பு வளையத்தை நன்றாகக் காய்ச்சி மாட்டியிருப்பார்கள். அது ஆறும்போது அச்சைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதற்குக் காலர் என்று பெயர். அச்சைப் பிடிக்க நட்டும் இல்லை, ஆணியும் இல்லை, அந்தக் கவ்வல் ஒன்றுதான் பிடிமானம். காலர் நழுவினால் பேரிங்கை உள்ளேயே விட்டுவிட்டு, சக்கரம் அச்சோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அதனால் காலர் மாற்றிய வண்டியை வெள்ளோட்டம் விடும்போது, மாட்டியவனே அந்தச் சக்கரத்துக்கு மேலே உட்கார வேண்டும் என்று லிங்கப்பா சட்டம் வைத்திருந்தார்.

கெலமங்கலத்தில் புளி, ராகி மண்டி வைத்திருந்த கோபாலப்பா அப்படி ஒரு கார் வைத்திருந்தார். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். அவர் பட்டறைக்குள் வந்தால் நாங்கள் எல்லோரும் ஏதாவது வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வோம். அவருடைய டிரைவர் முத்து, எனக்கு மூத்தவர், முத்தண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். சிங்காரப்பேட்டைப் பக்கத்து ஆள். மண்டிக்கு மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றி வந்தவரை, கோபாலப்பாவே கார் ஓட்டப் பழக்கி வைத்துக்கொண்டார். முத்தண்ணனுக்கு அது சாமி கொடுத்த வரம் மாதிரி.

அந்தக் கார் ராகி திரிகிற சத்தத்தோடு ஒரு நாள் வந்தது. லிங்கப்பா காலை வைத்துப் பார்த்தார், கையை வைத்துப் பார்த்தார், வலது பின் பேரிங் என்றார். பேரிங்கும் காலரும் பெங்களூரிலிருந்து வர வேண்டும், அது வரைக்கும் வண்டியை வெளியே எடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். கோபாலப்பா, "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் அதே கார் திரும்பி வந்தது. லிங்கப்பா அன்றைக்குப் பட்டறையில் இல்லை. அந்த பேரிங்கை வாங்கத்தான் பெங்களூர் போயிருந்தார். முத்தண்ணன் ஓட்டி வந்தார். வண்டியில் கோபாலப்பா, அவர் மனைவி, ஏழெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கிருஷ்ணகிரியில் சொந்தக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம், எல்லோரும் பட்டுடுத்தி இருந்தார்கள். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அதைப் பார் என்றார் கோபாலப்பா.

வண்டி வந்து நின்றபோதே எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. சத்தமே இல்லை. போன வாரம் தெருமுனையிலேயே கேட்ட சத்தம் சுத்தமாகக் காணோம்.

"பேரிங் மாத்திட்டீங்களாங்கய்யா?" என்று கேட்டேன்.

"என்னாத்துக்கு மாத்தணும்? உங்க போர்மேன் பெங்களூரு, பெங்களூருன்னு பயம் காட்னான். நம்ம முத்து தானே சரி பண்ணிட்டான்" என்றார் கோபாலப்பா.

முத்தண்ணன் பெருமையாகச் சிரித்தார். நான் வலது பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் டிரம்மை எடுத்தேன். உள்ளே பிரேக் கட்டையெல்லாம் கருப்பு எண்ணெய். அதிலிருந்து விளக்கெண்ணெய் வாடை வந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறவென்று கரி.

"என்னாண்ணே போட்டீங்க உள்ள?"

"வண்டி மை தம்பி. வைக்கோல் கரியும் வெளக்கெண்ணெயும் கொழைச்சி, அச்சை உருவி உள்ள நல்லாத் திணிச்சன். மாட்டு வண்டி கத்துனா அதானே பண்ணுவோம்? உள்ளாற ஒரு வளையம் நெருக்கினு இருந்துச்சி. அதை உளி வெச்சித் தட்டி நவுத்திட்டு, மை வெச்சி, மறுபடி தட்டி வெச்சிட்டன்."

காரின் கடையாணி வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வளையம்தான் காலர். நான் அச்சின் முகத்தைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். நக அகலத்துக்கு வந்தது. தள்ளினேன், உள்ளே போனது. அசையவே கூடாத இடம் அது.

எழுந்து போய்க் கோபாலப்பாவிடம் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட முனகினேன் என்பதுதான் சரி. "ஐயா, சக்கரம் கழண்டுரும். வண்டிய விட்டுட்டு பஸ்ல போங்க."

"சத்தம் இருக்குதா?"

"இல்லீங்க. அதான் பயமா இருக்குது. கத்துனா எவ்ளோ கெட்டுச்சின்னு தெரியும். இப்ப வாயை அடைச்சி வெச்சிருக்குது."

அவர் பட்டறையே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தார். "போர்மேனுக்கு ஏத்த சிஷ்யன். கட்டையைத் தொடச்சி மாட்டு. மேலுமலை எறங்கிட்டா ஊரு வந்துரும். அவ்ளோ பயமா இருந்தா நீயும் ஏறிக்கோ, கழண்டா மாட்டிக் குடு."

நான் கட்டைகளை பெட்ரோலில் கழுவினேன். எப்படியாவது நேரத்தை இழுத்தால் லிங்கப்பா வந்துவிடுவார் என்று நினைத்து, கழுவியதையே கழுவினேன். கோபாலப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து அதட்டினார். கடைசியில் டிரம்மை மாட்டி, சக்கரத்தை மாட்டி, டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். வீரத்தில் ஏறவில்லை. அவர் ஏறச் சொன்னார், ஏறினேன். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குழந்தை வலது ஜன்னல் ஓரம், அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்திருந்தது. "பாப்பா, அந்தப் பக்கம் போம்மா, இங்க வெயில் அடிக்கும்" என்று சொல்லி இடது பக்கம் அனுப்பினேன். அந்த அம்மா என்னை ஒரு முறை பார்த்தார். வெயில் இந்தப் பக்கம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. குழந்தையை இடது ஜன்னலுக்கு நகர்த்தித் தான் நடுவில் உட்கார்ந்தார்.

அந்தச் சக்கரத்துக்கு மேலே நான் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் வைத்தேன். சூளகிரி வரைக்கும் காலில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததால் எனக்கு வியர்த்துக் கொட்டியது. சூளகிரி தாண்டியதும் விளக்கெண்ணெய் காய்கிற வாடை வந்தது. கோபாலப்பா முன் சீட்டில் புளி விலையைப் பற்றி முத்தண்ணனிடம் பேசிக்கொண்டே வந்தார். இடது பக்கம் ஒரு வளைவு வந்தபோது காலுக்கடியில் 'டக்' என்று ஒன்று நகர்ந்தது. வலது பக்கம் வளைந்தபோது மறுபடி 'டக்'. அச்சு வெளியே போகிறது, உள்ளே வருகிறது. நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். உதடு அசைவதை அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

முத்தண்ணன் பேச்சை நிறுத்திவிட்டார். பிரேக் பெடல் ஒரு முறை மேலேயும் ஒரு முறை பாதாளத்திலும் பிடித்திருக்கிறது, அதைப் பிற்பாடு சொன்னார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மேலுமலை இறக்கம் தொடங்குகிற இடத்தில், ஒரு புளியமரத்துக்கு அடியில் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார்.

"ஏண்டா நிறுத்தின?"

"பயமா இருக்குது மொதலாளி. நான் எறக்க மாட்டன்."

ஒரு டிரைவர் தன் முதலாளியிடம் அந்த வார்த்தையைச் சொல்வதை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கோபாலப்பா அவரைத் திட்டிய திட்டை எழுத முடியாது. மாட்டு வண்டியிலிருந்து தூக்கிவிட்டது, சோறு போட்டது எல்லாம் அதில் வந்தது. முத்தண்ணன் கதவைத் திறந்து இறங்கி, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார். நானும் இறங்கினேன். அந்த அம்மாவும் ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையின் கையைப் பிடித்து இறங்கினார்.

கோபாலப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "நானே ஓட்டினு போறன். நீங்கள்லாம் நடந்து வாங்க" என்று சொல்லி, டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து வண்டியைக் கிளப்பினார்.

நாங்கள் நான்கு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டி மண்ணிலிருந்து ரோட்டில் ஏறியது. அவர் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். வலது பின் சக்கரம் நிதானமாக, மேஜை டிராயரை இழுத்தால் வருகிற மாதிரி, அச்சோடு வெளியே வந்தது. வண்டி பின்பக்கம் சரிந்து, அச்சுக் குழாய் ரோட்டில் உரசித் தீப்பொறி பறக்க, வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. லாரிக்காரன் ஒடித்துத் திருப்பிய திருப்பலில்தான் அவர் பிழைத்தார். கார் ரோட்டோரக் கல்லில் முட்டி நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

முதலில் ஓடியது முத்தண்ணன். கோபாலப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கை ஸ்டியரிங்கை விடவில்லை. முத்தண்ணன் ஒவ்வொரு விரலாகப் பிரித்து, அக்குளில் கை கொடுத்து இறக்கிப் புளியமரத்தடியில் உட்காரவைத்தார். கோபாலப்பா குழந்தையைப் பார்த்துக் கையை நீட்டினார். குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்தது, அவர்கள் மூன்று பேரும் ஏறிப் போனார்கள்.

மறுநாள் காரைக் கட்டி இழுத்துவந்து பட்டறையில் போட்டோம். லிங்கப்பா காலரை பெட்ரோலில் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். உளி விழுந்த தழும்பு தெரிந்தது. முத்தண்ணன் நடந்ததை மறைக்காமல் சொன்னார். லிங்கப்பா திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர், "உள்ள கொழந்தை இருந்துதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். காலரைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

புது பேரிங்கை அவரும் நானும் மாட்டினோம். அச்சில் தழும்பு இருக்கிறதா என்று நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தார். நூல் சிக்கவில்லை. பழைய மையை அச்சுக் குழாயின் உள்வரைக்கும் துணி விட்டுத் துடைத்து எடுக்கவே அரை நாள் போனது. ஒரு பொடிக் கரி தங்கினாலும் புது பேரிங்கைத் தின்றுவிடும். பேரிங்கை இறக்கும்போது அழுத்தம் உள்வளையத்தில்தான் விழ வேண்டும், வெளிவளையத்தில் விழுந்தால் புதியது அன்றைக்கே கெட்டது. பிறகு புதுக் காலரைக் கரியடுப்பில் வைத்தோம். வைக்கோல் நிறம் வந்து, அது நீலத்துக்குத் திரும்புவதற்குள் இடுக்கியில் எடுத்து அச்சில் விட்டு, துண்டுக் குழாய் ஒன்றால் தட்டி பேரிங்கோடு ஒட்டவைத்தார். அது ஆறுகிற வரைக்கும் குழாயை அழுத்திப் பிடித்தபடி நின்றார். நானும் சேர்ந்து பிடித்துக்கொண்டேன். வெள்ளோட்டத்துக்கு நான் அந்தச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்து போனேன். பயந்துகொண்டேதான் போனேன், ஆனால் காலில் ஒன்றும் தெரியவில்லை. இந்த முறை அது நல்ல அமைதி.

வண்டியை எடுத்துப் போகக் கோபாலப்பா தனியாக பஸ்ஸில் வந்தார். முத்தண்ணன் வேலை போய்விட்டது என்று முடிவுகட்டி, சாவியைத் துண்டில் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினார். கோபாலப்பா அதை வாங்கவில்லை. எப்போதும் இல்லாத தணிந்த குரலில் கேட்டார்.

"நான் செத்துருவன்னு ரெண்டு பேருக்கும் தெரியுமில்ல?"

முத்தண்ணன் சாவியைத் துண்டுக்குள் மடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சிதானே எறங்குனீங்க? என்னை ஏண்டா எறக்கல? கையைப் புடிச்சி இழுத்துருக்கலாமில்ல? சாவியப் புடுங்கி இருக்கலாமில்ல?"

முத்தண்ணன்தான் பதில் சொன்னார். "சக்கரத்தவிட உங்களுக்குத்தான் பயமா இருந்துச்சி மொதலாளி."

அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

"வூட்லயும் அதையேதான் சொன்னா" என்றார்.